தசமபாகம்: காணிக்கையும் கப்பமும்

1831 மார்ச் 3ஆம் தேதி, அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்தில் உள்ள கிரேக்னமனா என்கிற ஊருக்குள் ஆயுதம் தாங்கிய காவலர்கள் சுமார் நூற்றிருபது பேர் நுழைந்தார்கள். கலகத்தை அடக்கவோ கொள்ளையரைப் பிடிக்கவோ அல்ல, மாடு பிடிக்க. அந்த ஊர் விவசாயிகள் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தசமபாகம் பாக்கி வைத்திருந்தார்கள். பாக்கிக்கு மாட்டை ஜப்தி செய்து ஏலம் விடுவது வழக்கம். இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, பாக்கிக்காரர்களில் பெரும்பாலோர் அந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்களே இல்லை என்பது. அவர்கள் கத்தோலிக்கர்கள். தாங்கள் கால் வைக்காத கோயிலுக்கு, தங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்காத, தங்கள் பிணத்தை அடக்கம் செய்யாத பாதிரியாருக்கு, விளைச்சலில் பங்கு கொடுக்கச் சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். வழக்கமாக விட்டுவைக்கப்பட்டிருந்த அவ்வூர்க் கத்தோலிக்கப் பாதிரியார் மார்ட்டின் டாய்லிடமும் அந்த வருஷம் தசமபாகம் கேட்டுவிட்டார்கள். அவர் மறுத்தார். அவருடைய ஆயர் ஜேம்ஸ் டாய்ல் மறுப்புக்குப் பின்னால் நின்றார். ஊரும் மறுத்தது.

விவசாயிகள் செய்த காரியம் எளிமையானது. மாடுகளைப் பாதிரியாரின் பொறுப்பில் விட்டார்கள், தொழுவத்தைப் பூட்டிக்கொண்டார்கள். பிடிபட்ட மாடு ஏலத்துக்கு வந்தால் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. (ஒருவரை ஊரே ஒதுக்கிவைப்பதற்கு இன்று உலகம் முழுக்க வழங்குகிற 'பாய்காட்' என்கிற சொல், இதே மண்ணில் அரை நூற்றாண்டு கழித்து, 1880இல், மேயோ மாவட்டத்து நில ஏஜெண்டு ஒருவரின் பெயரிலிருந்து பிறந்தது. சொல் பிந்தி வந்தது, காரியம் முந்தியே நடந்தாயிற்று.)

வரலாற்று நூல்கள் இதைத் 'தசமபாகப் போர்' என்று அழைக்கின்றன. இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. தசமபாகம் குறித்த பேச்சு நம்மிடையே இரண்டே சொல்லாடல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பத்தில் ஒன்றைக் கொடுக்காதவன் விசுவாசி இல்லை என்பது பிரசங்க மேடையின் குரல். எல்லாக் காணிக்கையும் சுரண்டல், எல்லா விசுவாசமும் ஏமாளித்தனம் என்பது நம்முடைய பகுத்தறிவு மேடையின் குரல். இரண்டுமே கொடுக்கிறவனைப் பார்ப்பதில்லை. முதலாவது அவன் பணப்பையைப் பார்க்கிறது. இரண்டாவது அவனுடைய மடமையைப் பார்க்கிறது. கொடுக்க மறுத்தவர்களின் வரலாற்றை வாசித்தால் வேறொன்று தெரிகிறது. கட்டாய தசமபாகத்தை எதிர்த்து நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தீவிர விசுவாசிகள்.

முதலில் மூலப் பிரதிக்குப் போவோம். பழைய ஏற்பாட்டின் தசமபாகம் ஒன்றல்ல. வெவ்வேறு காலத்து வழக்கங்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. எண்ணாகமத்தில் அது நிலம் இல்லாத லேவியருக்குப் போகிறது. உபாகமம் பதினான்காம் அதிகாரத்தில் கதையே வேறு. அங்கே தானியத்திலும் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் தேவசந்நிதியில் குடும்பத்தோடு உட்கார்ந்து தின்னச் சொல்லியிருக்கிறது. ஊர் தூரமானால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போய், மனசுக்குப் பிடித்ததை, மது உட்பட, வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருஷத்துப் பங்கு ஊர்வாசலிலேயே வைக்கப்படும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து தின்று திருப்தியடைய வேண்டும். இது வரியல்ல, ஒரு விருந்து. நம்மூர் அசன விருந்தோடுதான் இதை ஒப்பிட முடியுமே தவிர, ரசீதுப் புத்தகத்தோடு அல்ல. இந்த அதிகாரத்தை வைத்து ஒரு ஸ்டூவர்ட்ஷிப் ஞாயிறு பிரசங்கத்தை நான் கேட்டதே இல்லை.

எடுத்ததற்கெல்லாம் காட்டப்படுவது மல்கியா. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவராதவன் கடவுளையே வஞ்சிக்கிறான் என்கிற இடம். ஆனால் அந்தச் சிறு நூலின் முதலிரண்டு அதிகாரங்கள் யாரைத் திட்டுகின்றன? ஊனமான ஆட்டைப் பலிபீடத்தில் வைக்கிற ஆசாரியர்களை, அதாவது வாங்குகிற இடத்தில் இருப்பவர்களை. ஆமோஸ் இன்னும் கடுமையானவன். ஏழையை நசுக்கிக்கொண்டே தசமபாகத்தைத் தவறாமல் கொண்டுபோகிறவர்களைப் பார்த்து, போங்கள், போய்ப் பாவத்தைப் பெருக்குங்கள் என்கிற தொனியில் நக்கல் செய்கிறான். இயேசுவின் வாயிலும் தசமபாகம் வருகிற முக்கியமான இடம் ஒரு கண்டனத்துக்குள்தான். கொல்லைப்புறத்து வாசனைச் செடிக்கும் சீரகத்துக்கும் பத்தில் ஒன்று கணக்குப் பார்த்துவிட்டு நியாயத்தையும் இரக்கத்தையும் கோட்டைவிட்டவர்களைக் கண்டிக்கிற இடம் அது.

ஆக, கணக்கு சரியாக இருப்பதே பக்தியின் இன்மையை மறைக்கக்கூடும் என்கிற சந்தேகம் பிரதிக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து நாம் கொண்டுவந்தது அல்ல.

ஆதித் திருச்சபைக்குச் சில நூற்றாண்டுகள் தசமபாகச் சட்டம் என்று எதுவும் இல்லை. 585இல் மக்கோன் நகரத்து ஆயர் மன்றம் அதைக் கட்டாயமாக்கி, கொடாதவரைச் சபைக்குப் புறம்பாக்கலாம் என்றது. 779இல் சார்லமேன் அரசாணை மூலம் அதை ராஜ்யத்தின் சட்டமாக்கினான். இங்கேதான் திருப்பம். புறம்பாக்கும் தண்டனை பாதிரியின் கையில் இருந்தவரை அது விசுவாசத்தின் எல்லைக்குள் நடக்கிற சண்டை. அரசனின் ஆள் வந்து வாசலில் நின்றபிறகு அது நிலவரி. அதற்குப் பிறகு தசமபாகத்துக்கு நேர்ந்ததெல்லாம் எந்த நிலவரிக்கும் நேர்வதுதான். குத்தகைக்கு விட்டார்கள், விற்றார்கள், வாங்கினார்கள், சீதனமாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களைக் கலைத்தபோது, அந்த மடங்கள் அனுபவித்துவந்த தசமபாக உரிமைகள் பெருமளவில் சாதாரணப் பிரபுக்களின் கைக்கு மாறின. கடவுளுக்கென்று உழவன் எடுத்துவைத்த பத்தாவது கட்டுக் கதிர், கோயிலுக்கு விளக்குக்கூடப் போடாத ஒரு பண்ணையாரின் சொத்தாயிற்று. விற்பனைப் பத்திரத்தில் நிலம், மரம், குளம் என்பதோடு தசமபாகமும் ஓர் அயிட்டம்!

1525இல் தென் ஜெர்மனியின் மெம்மிங்கென் நகரத்தில் கலகக்கார விவசாயிகள் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் இரண்டாவது தசமபாகம் பற்றியது. அதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தசமபாகத்தை ஒழிக்கச் சொல்லவில்லை அவர்கள். தானியத்தில் தசமபாகம் வேதத்தில் உள்ளது, அதைத் தருகிறோம் என்றார்கள். ஆனால் வசூலிக்கிறவரை ஊர் தேர்ந்தெடுக்கும்; நாங்கள் தேர்ந்தெடுத்த போதகருக்கு அவர் ஜீவனத்துக்குப் போதுமான அளவு; மிச்சம் ஊர் ஏழைகளுக்கு; கன்றுக்கும் கோழிக்கும் கேட்கிற சில்லறைத் தசமபாகம் மனிதன் கண்டுபிடித்தது, அதைத் தரமாட்டோம். இதைவிடத் தெளிவாக எந்த இறையியல் கல்லூரியும் பேசியதில்லை என்பது என் அபிப்பிராயம். லூத்தர் என்ன சொன்னார்? தசமபாகம் ஆளுவோருக்குச் சொந்தம், அதை ஊர் எடுத்துப் பங்கிடுவது கொள்ளை என்கிற பொருளில் பதில் எழுதினார். விசுவாசத்தினாலே மட்டும் என்று உலகத்துக்குச் சொன்னவர், விவசாயியின் விசுவாசம் கணக்குக் கேட்டதும் சொத்துரிமையின் பக்கம் சாய்ந்தார். அந்தப் போரில் செத்த விவசாயிகளின் எண்ணிக்கை ஒரு லட்சம்வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள். கூலிக்கு ஊழியம் செய்கிறவனுக்குக் கொடுப்பது பாவம் என்று நம்பியவர்கள். தரமாட்டோம் என்று சொல்லி, ஜப்தியாகிப் போன அண்டா குண்டா, ஆடு மாடு, படுக்கை எல்லாவற்றையும் வருஷவாரியாகக் குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்பேடுகளுக்குத் 'துன்பங்கள்' என்றே பெயர் வைத்தார்கள். கொடுத்ததற்கு ரசீது வைத்துக்கொள்கிற பக்தியை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கொடுக்க மறுத்ததற்குக் கணக்கு எழுதிய பக்தி இது.

மறுபடி அயர்லாந்து. அங்கே 1834ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 79 லட்சம். அதில் கத்தோலிக்கர் 64 லட்சம், பிரெஸ்பிட்டேரியர் 6.4 லட்சம், ஆளும் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையார் எட்டரை லட்சம். எட்டரை லட்சம் பேரின் திருச்சபையை மிச்சம் எழுபது லட்சம் பேரும் சுமந்தார்கள். சுமையிலும் பாரபட்சம். 1735இல் டப்ளின் பாராளுமன்றத்தின் கீழவை, நிலப்பிரபுக்கள் நிறைந்த அவை, மேய்ச்சல் நிலத்துக்குத் தசமபாகம் கேட்கக்கூடாது என்கிற தீர்மானம் போட்டது. ஆயிரம் ஏக்கரில் மாடு மேய்க்கிறவனுக்கு விலக்கு. கால் ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிறவன் தெற்கு மாவட்டங்களில் அந்தக் கிழங்குக்கும் பங்கு கொடுக்கணும். வசூலிக்கப் பாதிரியார் நேரில் வருவதில்லை. விளைச்சலைக் கண்மதிப்பாக மதிப்பிட 'பிராக்டர்' என்கிற தரகன் வருவான். அவனுக்கு மேலே வசூல் உரிமையையே மொத்தமாகக் குத்தகை எடுத்தவன் ஒருவன் இருப்பான். காசு இல்லையென்றால் வட்டிக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்வான். நம்மூர் ஜமீன் களத்துமேட்டில் அம்பாரத்துக்கு முத்திரை போட்டுவிட்டு அளக்க வராமல் இழுத்தடிக்கிற கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொண்டால் போதும், விளக்கம் தேவையில்லை.

1823இல் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம் தசமபாகத்தைப் பணமாக நிர்ணயிக்க வழிசெய்தது, மேய்ச்சல் நிலத்தையும் உள்ளே இழுத்தது. நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அதுவரை ஏழை உழவனின் தலைவலியாக இருந்தது, வசதியான மாட்டுப் பண்ணைக்காரனின் தலைவலியும் ஆயிற்று. எதிர்ப்பு 1831இல் திடீரென்று மரியாதைக்குரியதாக மாறியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இயக்கங்களின் வரலாற்றில் இது நமக்குப் பழக்கமான காட்சிதான்.

1831 டிசம்பர் 14ஆம் தேதி காரிக்ஷாக்கில் நோட்டீஸ் கொடுக்க வந்த ஆளையும் அவனுக்குக் காவலாக வந்த காவலர்கள் பத்துக்கும் மேற்பட்டோரையும் கூட்டம் அடித்துக் கொன்றது. 1834 டிசம்பர் 18ஆம் தேதி கார்க் மாவட்டத்து ராத்கார்மக் அருகே நிலைமை தலைகீழ். ஒரு விதவையின் சொற்பமான பாக்கி. வசூலிக்கப் பட்டாளத்தோடு ஆர்ச்டீக்கன் நேரிலேயே வந்திருந்தார். அவர் மாஜிஸ்ட்ரேட்டும்கூட. வைக்கோல் போர் கிடந்த முற்றத்துக்குள் நுழையவிடாமல் ஊர் ஜனம் தடுத்தது. சுட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருந்தது. விதவைகளுக்கென்று உபாகமம் ஒதுக்கிவைத்த பங்கை விதவையிடமே துப்பாக்கி வைத்துக் கேட்டார்கள் என்பதை யாரும் அலங்காரமாகச் சொல்லத் தேவையில்லை, நடந்ததே அதுதான்.

1838இல் தீர்வு வந்தது. தொகையில் கால்வாசி குறைப்பு. இனி தசமபாகத்தை உழவன் கட்டவேண்டாம், நிலப்பிரபு கட்டுவான். நிலப்பிரபு அதைக் குத்தகையோடு சேர்த்துவிட்டான். வசூல் மனிதன் மறைந்தான், ஜப்தி மறைந்தது, தசமபாகம் என்கிற பெயரும் உழவனின் கண்ணிலிருந்து மறைந்தது. பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதிகாரம் தன்னைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிக்கொள்ளும் விதத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே 1838 ஜனவரியில் அயர்லாந்தில் பிறந்த ஓர் இளைஞர் மதராஸில் கப்பலிறங்கினார். ராபர்ட் கால்டுவெல். ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில், ஸ்காட்லாந்து வழிவந்த பிரெஸ்பிட்டேரியன் பெற்றோருக்கு 1814இல் பிறந்து, சிறுவயதிலேயே கிளாஸ்கோவுக்குப் போய்விட்டவர். லண்டன் மிஷன் ஆளாக வந்து, 1841இல் ஆங்கிலிக்கன் குருவாகி, இடையன்குடியில் தங்கினார். ஊர் ஒன்றானதால் இரண்டையும் முடிச்சுப்போட வேண்டியதில்லை. ஆனால் அவர் சேர்ந்த திருச்சபை இந்தியாவில் எந்தப் பணத்தில் நின்றது என்று பார்த்தால் அயர்லாந்து சட்டென்று நினைவுக்கு வருகிறது. 1813ஆம் வருஷத்துச் சாசனச் சட்டம் கல்கத்தாவுக்கு ஒரு பிஷப்பையும் மூன்று ஆர்ச்டீக்கன்களையும் ஏற்படுத்தியது. பிஷப்பின் சம்பளம் வருஷத்துக்கு 5,000 பவுன், கம்பெனியின் இந்திய வருவாயிலிருந்து. கம்பெனியின் வருவாயில் பெரும்பங்கு நிலத்தீர்வை. அதாவது தஞ்சாவூர் மிராசுதாரும் கோயம்புத்தூர்க் குடியானவரும் வங்காளத்து முஸ்லிம் உழவரும் கட்டிய தீர்வையில் ஆங்கிலிக்கன் பிஷப் ஜீவித்தார். 1833ஆம் வருஷத்துச் சாசனச் சட்டம் மதராசுக்கும் பம்பாய்க்கும் பிஷப்புகளை ஏற்படுத்த வழிசெய்தது. பட்டாளத்துக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் ஊழியம் செய்த சாப்ளின்களின் சம்பளம் சுதந்திரம் வரைக்கும் அரசாங்கக் கஜானாவிலிருந்துதான். தசமபாகம் என்று யாரும் அதை அழைக்கவில்லை. அழைக்காதவரை சண்டையும் இல்லை.

கிராமத்துச் சபைகளுக்கு இந்தச் சொகுசு கிடையாது. சி.எம்.எஸ். மிஷனின் செயலாளர் ஹென்றி வென் வகுத்த கொள்கை, சுதேச சபை தன்னைத் தானே ஆளணும், தானே பரப்பணும், தன் செலவைத் தானே பார்த்துக்கணும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. முதலிரண்டும் மெதுவாக வந்தன. மூன்றாவது உடனே வந்தது. பனையேறிக் குடும்பம் தன் உபதேசியாருக்குத் தானே படியளக்கத் தொடங்கியது. காசு ஏது? கருப்பட்டி, முட்டை, கோழி, முதல் காய்ப்பு. அப்புறம் கைப்பிடி அரிசி.

கைப்பிடி அரிசியை என் பெரியம்மை வீட்டில் பார்த்திருக்கிறேன். உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வேளாவேளைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓலைப்பெட்டியில் கோயிலுக்குப் போகும். "எத்தனை பிடி ஆச்சு பெரியம்மை?"ன்னு கேட்டா, "எண்ணிப் போட்டா அது வட்டிக்காரன் கணக்குல்லா, சாமிக்குப் போடுறதை எண்ணுவாகளாக்கும்" என்பாள். இதை நான் ரொம்பக் காலம் பக்தியின் தூய வடிவமாக நினைத்துவந்தேன். இப்போதும் அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிடி யாருடைய கும்பாவிலிருந்து குறைந்தது என்கிற கேள்வி இருக்கிறது. ஆம்பிளைக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போகக் கடைசியில் சாப்பிடுகிறவள் அவள். குறைந்தது அவளுடையது. சபைப் பதிவேட்டிலோ குடும்பத் தலைவர் என்று பெரியப்பா பெயர். பெண்ணின் வயிறு கட்டிய காணிக்கை ஆணின் பெயரில் வரவு வைக்கப்படுகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி நம் திருச்சபை வரலாறுகள் எதிலும் ஒரு பத்திகூட நான் பார்த்ததில்லை.

அதே பெரியம்மை செத்தபோது சங்கக் காணிக்கை மூன்று வருஷம் பாக்கி என்று சேகரக் கமிட்டியில் கல்லறைத் தோட்டத்துக்கு அனுமதிச் சீட்டு தர இழுத்தார்கள். (எந்தச் சேகரம் என்பது வேண்டாம், எங்கும் நடப்பதுதான்.) பிணத்தைப் போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை. "நாப்பது வருஷம் அரிசி போட்டவய்யா" என்றார் என் அண்ணன். "அரிசிக்கு ரசீது இருக்கா தம்பி? சங்கம் கட்டலைன்னா நாங்க என்ன செய்ய, வசூல் இல்லாம சபை எப்படி ஓடும்?" என்றார் கமிட்டிக்காரர். கெட்ட மனுஷர் அல்ல அவர். நோட்டைப் பார்த்துப் பேசினார். கடனை வாங்கிக் கட்டினோம், அடக்கம் நடந்தது.

சொந்தச் சபை, சொந்தச் சாதி, சொந்த ஊர் என்பதால் வசூல் யோக்கியமாகிவிடாது என்பதை அயர்லாந்தின் கத்தோலிக்க ஏழைகள் முன்பே கண்டிருந்தார்கள். 1785 முதல் 1788 வரை கார்க் வட்டாரத்தில் கிளம்பிய 'ரைட்பாய்ஸ்' என்கிற ரகசிய இயக்கம், ஆங்கிலிக்கன் தசமபாகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு இவ்வளவு, ஞானஸ்நானத்துக்கு இவ்வளவுக்கு மேல் தரமாட்டோம் என்று தங்கள் கத்தோலிக்கப் பாதிரியார்களின் கட்டணத்துக்கும் உச்சவரம்பு வைத்தது, மீறிய பாதிரியார்களை மிரட்டியது. தேசியவாத வரலாறு 1831ஐக் கொண்டாடுகிற அளவுக்கு இவர்களைக் கொண்டாடுவதில்லை. அந்நியனின் வசூலை எதிர்த்தால் போராளி, நம்மவரின் வசூலை எதிர்த்தால் துரோகி. நமக்குத் தெரியாத கதையா இது?

இன்றைக்குக் கூட்டங்களில் பத்து கொடுத்தால் நூறாகத் திரும்பும் என்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். கோடு ஒட்டியிருக்கிறது. இதில் கட்டாயம் இல்லை, ஜப்தி இல்லை. ஆனால் ராத்கார்மக் விதவைக்குத் தன்னிடம் பறிக்கிறார்கள் என்பதாவது தெரிந்திருந்தது. இங்கே கொடுத்தும் வியாதி தீராதவள், தன் விசுவாசம் பத்தவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள். பிராக்டர் அவள் மண்டைக்குள்ளேயே குடியேறிவிட்டான்.

வசூல் இல்லாமல் சபை எப்படி ஓடும் என்கிற கமிட்டிக்காரரின் கேள்விக்கு வருகிறேன். 1869இல் கிளாட்ஸ்டன் அயர்லாந்துத் திருச்சபையை அரசிடமிருந்து பிரிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தபோது பிஷப்புகளும் பிரபுக்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 1871 ஜனவரி 1ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. நிலத்தோடு ஒட்டியிருந்த அந்தப் பழைய வசூல் திருச்சபையின் கையைவிட்டுப் போயிற்று. இருந்த குருமாருக்கு வாழ்நாள் ஊதியம் மட்டும் மிஞ்சியது. சபையார் பொதுமன்றம் ஒன்றைக் கூட்டினார்கள், பாமரரும் அதில் ஓட்டுப் போட்டார்கள். பங்கு பங்காக உட்கார்ந்து, யார் எவ்வளவு தரமுடியும் என்று முதல் தடவையாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அந்தத் திருச்சபை இன்றும் இருக்கிறது.